மரகதம் அக்காவின் பூட்டிய அறை

17-7-1951, செவ்வாய்

இன்று இடைவேளையில் கோமதி மறுபடியும் அந்தப் பூட்டிய அறை வாசலில் உட்கார்ந்திருந்தாள். என் நாலாம் வகுப்புப் பிள்ளை. பத்து நாளாக வகுப்பில் வாயே திறப்பதில்லை.

"ஏட்டி, இங்கன என்ன செய்யுத?" என்றேன்.

"மரகதம் டீச்சர் வருவாவளா?"

மரகதம் அக்கா டீச்சரே இல்லை. பிள்ளைகளின் வீட்டுக் கஷ்டங்களைக் கேட்டு உதவுவதற்கென்று மதராஸிலிருந்து ஒரு வருஷத்துக்கு எங்கள் பள்ளிக்கூடத்தில் போட்டிருந்தார்கள். அந்த அறையில் பாயை விரித்து, பிள்ளைகளுக்குப் பேன் பார்த்துக்கொண்டே பேசுவார். "பேன் பாக்கதுக்கும் சர்க்கார் சம்பளம் குடுக்கு" என்று டீச்சர்கள் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். கோடை லீவோடு அந்த வேலையை எடுத்துவிட்டார்கள்.

"அவிய இனிமே வர மாட்டாவ. என்கிட்டச் சொல்லு மக்கா."

கோமதி என் முகத்தைப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல டீச்சர்" என்று எழுந்து போனாள். முழங்கைக்கு மேலே புதிதாக ஒரு சூட்டுக் காயம்.

பிள்ளைகள் அக்காவிடம் மட்டும் எப்படித்தான் சொன்னார்களோ! இப்போதுதான் உறைக்கிறது. பேன் பார்க்கும்போது பிள்ளை அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கும். யார் முகத்தையும் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

அக்கா, நீங்கள் இங்கே இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். எழுதிக் கேட்கலாமென்றால், போகிற அன்று உங்கள் விலாசத்தைக்கூட நான் வாங்கிக்கொள்ளவில்லை.

பேன்சீப்பைப் பையில் எடுத்து வைத்திருக்கிறேன். நாளைக்கு என்னிடம் தலையைக் கொடுப்பாளா?