மூன்று சுற்றுக் கம்பி

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம் என்று தொடங்கத்தான் கை வருகிறது. இந்த முறை அது பொய்யாகிவிடும், விட்டுவிடுகிறேன். நீ நலமாக இருப்பது போன வாரம் அனுப்பிய படத்திலேயே தெரிந்தது. வெள்ளை ஹெல்மெட் போட்டுக்கொண்டு, பாதுகாப்பு அதிகாரியாக இருபது பேருக்குப் பாடம் நடத்துகிறாய். அந்தப் படம் வந்த அன்றுதான் உன் மாப்பிள்ளையை இரண்டு கையிலும் கட்டோடு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தேன்.

போனில் சொல்லலாம்தான். ஆனால் இவர் வீட்டை விட்டு நகர்வதில்லை, என் குரல் கேட்டால் எட்டிப் பார்க்கிறார். பேனா பிடிக்க முடியாததால் கம்பெனிக்குத் தர வேண்டிய விளக்கத்தை இவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். இப்போதும் அதைத்தான் பிரதி எடுக்கிறேன் என்று நினைத்து எதிரே உட்கார்ந்திருக்கிறார். முடித்ததும் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிட்டுக் கிழித்துவிடுவேன்.

நடந்தது இதுதான். நீ இங்கே சிமெண்ட் கம்பெனி மின் நிலையத்தில் இருந்தபோது எரிப்பதற்கு நிலக்கரிதான் அதிகம், குப்பை கொஞ்சம். இப்போது பாதிக்குப் பாதி. ஊர்க் குப்பையை நறுக்கி லாரி லாரியாகக் கொட்டுகிறார்கள். செருப்பு, மழைக்கோட்டு, மெத்தை, பொம்மைத் தலை எல்லாம் வருகிறது. மழை நாளில் அது சொதசொதவென்று பாய்லருக்குப் போகிற வழியில் அடைத்துக்கொள்கிறது. மூடியைத் திறந்து நீள இரும்புத் தடியால் குத்திவிட வேண்டும். மூடி திறந்தால் உலைப் பக்கத்துக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும், நெருப்பு வெளியே வராது. ஆனால் சாத்தும்போதெல்லாம் நீராவி குறையும், கரண்ட் குறையும், சிமெண்ட் சூளை நிற்கும், மேனேஜர் போனில் கத்துவார். அதனால் மூடி திறந்ததைக் காட்டிக்கொடுக்கும் ஸ்விட்சைக் கம்பியால் கட்டி வைத்திருக்கிறார்கள். திறந்தாலும் கதவு சாத்தாது. உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்று இவர் குத்தினார், நெருப்பு வந்து கையைப் பிடித்துக்கொண்டது.

அந்தக் கம்பியை யார் கட்டியது என்று சொல், இல்லையென்றால் நீதான் என்று கம்பெனியில் இவரை மிரட்டுகிறார்கள். திங்கட்கிழமை விசாரணை. பழி இவர் மேல் விழுந்தால் வேலையும் போகும், குவார்ட்டர்ஸும் போகும். இந்த மனுஷனோ, கட்டியது யாரென்று தெரியாது என்று என்னை எழுதச் சொல்லிவிட்டு, 'பாய்லர் புகை வெள்ளையா வருதா, கறுப்பா வருதா, ஜன்னல்ல பாத்துச் சொல்லு' என்கிறார். தலையில் அடித்துக்கொண்டேன். அடித்துக்கொள்ள இந்த வீட்டில் எனக்கு மட்டும்தானே கை இருக்கிறது.

நேற்று கிரேன் ஓட்டுபவர் பார்க்க வந்தார். அந்தக் கம்பியைப் படம் பிடித்து வைத்திருந்தார். மூன்று சுற்று, நுனி யாரையும் குத்தாதபடி உள்ளே மடக்கி அழுத்தியிருந்தது. அண்ணா, பின்பக்கம் துணி காயப்போட நீ கட்டிக் கொடுத்த கம்பிக் கொடியை நான் தினமும் பார்க்கிறேன், அதே மூன்று சுற்று, அதே மடிப்பு. எனக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இவரிடம் கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே, 'மச்சானுக்கு அந்த வேலைதான் சோறு போடுது. என் வாயால அவரு பேரு வராது. நீயும் எழுதாதே' என்றார். தலையாட்டிவிட்டு எழுதுகிறேன்.

எல்லாப் பழியையும் உன் தலையில் கட்டவில்லை. நீ போய் நாலு வருஷமாகிறது. நாலு வருஷமும் அதைப் பார்த்துக்கொண்டே அவிழ்க்காமல் இருந்தவர்கள் இவரும்தான், மேனேஜரும்தான். அதையும் சேர்த்தே சொல். ஆனால் சொல். கம்பெனிக்கு உன் பேரில் நாலு வரி போதும். உன் வேலைக்கு என்ன ஆகும் என்று தெரிந்துதான் கேட்கிறேன். அதனால்தான் இவ்வளவு கோபம் வருகிறது, உன் மேலும் இவர் மேலும்.

காலையில் ஆத்திரத்தில் அந்தக் கொடியை அவிழ்த்துப் போடப் போனேன். அவிழவில்லை, அவ்வளவு நன்றாகக் கட்டியிருக்கிறாய். இவருடைய கைக்கட்டுத் துணிகளை அலசி அதிலேயே காயப்போட்டுவிட்டு வந்தேன்.

இவர் சொன்ன விளக்கத்தை ஞாயிறு சாயங்காலம் வரை கொடுக்காமல் வைத்திருப்பேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, அண்ணா. உன் கைகள் என்றைக்கும் நன்றாக இருக்கட்டும்.

உன் தங்கை