அந்தத் தண்ணீரைக் கலக்கியது நீயல்ல

இந்த வாரம் திங்கட்கிழமை காலை, துவாய்களை எடுக்கப் போன நான் நீச்சல் தடாகத்தின் ஓரத்தில் அப்படியே நின்றுவிட்டேன். குளோரின் வாடை வழக்கம்போல மூக்கில் ஏறியது. தண்ணீர் நீலமாகத்தான் இருந்தது. ஆனாலும் யாரோ ஒரு கரண்டி பாலைக் கலந்துவிட்ட மாதிரி லேசாக மங்கிக் கிடந்தது. அடியில் இருக்கும் சல்லடை மூடியை உற்றுப் பார்த்தேன். மூடி தெரிந்தது, அதன் ஓட்டைகள் தெரியவில்லை. உடனே உன் ஞாபகம் வந்தது என்று எழுதினால் பொய். முதலில் வந்தது ஆத்திரம். நீ அதற்குப் பிறகுதான் வந்தாய்.

நீ கண்ணை மூடி இரண்டு வருடமாகிறது. இந்தக் கதை நடந்து நாலு வருடம். இதை எழுத எனக்கு இவ்வளவு காலம் ஆனதே வெட்கக்கேடு. அதையும் எழுதிவிட்டே மேலே போகிறேன்.

லிந்துலையில் இந்தப் பங்களாவுக்கு நீ வேலைக்கு வந்த நாள் நினைவிருக்கிறது. முழங்கால் விட்டுப்போய், இனி மலை ஏறிக் கொழுந்து பறிக்க முடியாது என்றான பிறகு, சமையலறையில் இருந்த என்னிடம் வந்து ஏதாவது சமதரையில் வேலை இருக்கிறதா என்று கேட்டாய். தடாகத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் நிற்கவில்லை. இந்தக் குளிரில் விடியற்காலையில் தண்ணீரில் கை வைக்க யாருக்குத்தான் மனசு வரும்? மெனேஜர் உன்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பொம்பளைக்கு இதெல்லாம் புரியுமா?" என்று என்னிடம் கேட்டார், நீ அங்கே நிற்காதது மாதிரி. மூன்று மாதத்தில் உனக்குப் புரிந்த அளவு அவருக்கு இன்றுவரை புரியவில்லை.

சின்னக் குழாயில் தண்ணீர் பிடித்து, மருந்துச் சொட்டு விட்டு, மஞ்சளையும் சிவப்பையும் அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பாய். அதைவிட நீ நம்பியது உன் கண்ணைத்தான். "பதினாறு ஓட்ட அக்கா. பதினாறும் எண்ண முடிஞ்சா தண்ணி நல்லாருக்குன்னு அர்த்தம்" என்பாய். தினமும் குனிந்து நின்று எண்ணுவாய். ஆனால் நீ ஒரு நாளும் அதில் கால் நனைத்ததில்லை. தேய்க்கிற பிரஷ் ஒருமுறை கைநழுவி உள்ளே விழுந்தபோதுகூட, படியில் இறங்காமல் நீளக் கம்பால் அரை மணி நேரம் போராடி இழுத்தாய். இறங்கினால் என்ன என்று கேட்டேன். "நம்ம கால் பட்டுச்சுன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்க" என்றாய். பேச்சு எப்படியும் வந்தது.

அந்த ஏப்ரலில், பங்களாவுக்குச் சொந்தக்கார நோனா குடும்பத்தோடு கொழும்பிலிருந்து வர நாலு நாள் இருக்கும்போது தண்ணீர் மங்கத் தொடங்கியது. மெனேஜருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: குளோரின் போடு. சொட்டு மருந்தில் குளோரின் சரியாகத்தான் காட்டுகிறது என்று நீ சொன்னாய். போடு என்றார். போட்டாய். கண் எரிந்ததே ஒழியத் தண்ணீர் தெளியவில்லை. மணல் வடிகட்டியை எதிர்த்திசையில் தண்ணீர் விட்டுக் கழுவினாய். அப்படியும் ஒன்பது ஓட்டைக்கு மேல் எண்ண முடியவில்லை.

பிறகு நீ செய்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் பெருமையாக இருக்கிறது. என்னிடம் இரண்டு ஜாம் போத்தல் வாங்கினாய். ஒன்றில் தடாகத்துத் தண்ணீர், மற்றதில் மலையிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர். இரண்டையும் சமையலறை ஜன்னலில் வைத்து, தொடக்கூடாது என்று எனக்குக் கட்டளை போட்டாய். மறுநாள் காலையில் இரண்டு போத்தலின் அடியிலும் மாவு மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாய். பாசி இல்லை, அழுக்கும் இல்லை. "டொலமைட் அக்கா" என்றாய்.

மேல் மலையில் அப்போதுதான் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி, மண்ணின் புளிப்பு போக டொலமைட் தூள் வீசியிருந்தார்கள். அடுத்த நாளே மழை. தூள் ஓடையில் இறங்கி, குழாய் வழியாகத் தடாகத்துக்கு வந்திருக்கிறது. பத்து வருடம் அந்தத் தூளை அள்ளி வீசியவள் நீ. முகமெல்லாம் வெள்ளையாக வீடு திரும்பியவள். உனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? மெனேஜரிடம் போய்ச் சொன்னாய். அவர் சிரித்தார்.

மழைக்காலத்தில் நம் லயத்து வீடுகளில் குடத்துத் தண்ணீருக்கு என்ன செய்வோமோ, அதையே செய்யலாம் என்றாய். படிகாரம். பஜாரிலிருந்து வாங்கிவந்து, இடித்து, வாளியில் கரைத்து, சாயங்காலம் நாலு பக்கமும் ஊற்றினாய். மோட்டரை நிறுத்தினாய். எல்லாம் ஒன்றுசேர்ந்து அடியில் உட்கார்ந்ததும், காலையில் குழாய் வைத்து உறிஞ்சி நேராகக் கழிவுநீர்க் கானுக்கு விடவேண்டும், அதுவரை மோட்டரில் கை வைக்கக்கூடாது என்று மெனேஜரிடம் இரண்டு முறை சொன்னாய். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவரும் தலையாட்டினார்.

விடிந்தபோது தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. நான் வந்ததும் அதைத்தான் முதலில் எட்டிப் பார்த்தேன். அடியில் வெள்ளையாக ஒரு விரற்கடைப் படிவு, மேலே தெளிந்த தண்ணீர். நீ குழாய் எடுக்கக் கீழே கொட்டகைக்குப் போயிருந்தாய். அந்த நேரத்தில் நோனாவின் வேன் தலவாக்கலையைத் தாண்டிவிட்டதாக மெனேஜருக்குத் தொலைபேசி வந்தது. தடாகத்தில் தண்ணீர் ஓடாமல் கிடந்தால் நன்றாக இருக்காது என்று நினைத்தாரோ என்னவோ, விறுவிறுவென்று போய் மோட்டர் அறைக் கதவைத் திறந்தார். சமையலறை ஜன்னலிலிருந்து நான் பார்த்தேன். அவர் கை சுவிட்சில் இருந்ததைப் பார்த்தேன். அடியில் உட்கார்ந்திருந்தது அத்தனையும் புகை மாதிரி எழும்பியதையும் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் தடாகம் முழுக்கக் கஞ்சித் தண்ணீர்.

வேன் வந்து நின்றது. நோனா கேட்டார். மெனேஜர் ஒரு நொடி யோசித்திருப்பார், அவ்வளவுதான். லயத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, இந்தப் பொம்பளை அவர்களை உள்ளே குளிக்க விட்டிருக்கிறாள் என்று சிங்களத்தில் சொன்னார். நல்ல சரளமாகச் சொன்னார். பிறகு உன் பக்கம் திரும்பித் தமிழில், "ஒங்க ஆளுங்கள திருத்தவே முடியாது" என்றார். மஸ்கெலியாவில் ஒரு லயத்துக் காம்பராவில் பிறந்து வளர்ந்த மனிதர். அவருக்கு நாம் "ஒங்க ஆளுங்க"!

நீ அழவில்லை. சமையலறைப் பின்கதவுக்கு வந்து நின்றாய். கையில் இன்னும் அந்தக் குழாய் இருந்தது. "அக்கா, மோட்டர யாரு போட்டதுன்னு பாத்தீங்களா?" என்று கேட்டாய்.

நான் கவனிக்கவில்லை என்றேன். அடுப்பில் வேலை இருந்தது என்றேன். என் வீட்டுக்காரர் அப்போது படுத்த படுக்கை, இந்த வேலையும் போனால் என்ன செய்வது என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். அதெல்லாம் உண்மைதான். ஆனால் உண்மையான காரணம் இருந்தால் பொய் சொல்லலாம் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. நீ "சரிங்க அக்கா" என்று சொல்லி, குழாயைச் சுவரில் சுருட்டி மாட்டிவிட்டுப் போனாய்.

உன் வேலை அன்றோடு போனது. அதோடு முடிந்ததா? பங்களாவைச் சுற்றிக் கம்பி வேலி போட்டார்கள். லயத்துப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் குறுக்குப் பாதை அடைபட்டது. குளிரிலும் மழையிலும் அவர்கள் பெரிய பாதை வழியாகச் சுற்றி நடந்தார்கள். பீலியில் தண்ணீர் பிடிக்கும் பெண்கள் உன்னைத்தான் திட்டினார்கள். பங்களாவில் இவளுக்கு என்ன துரைத்தனம், பிள்ளைகளை உள்ளே விட்டு எல்லாருக்கும் வழியைக் கெடுத்துவிட்டாள் என்றார்கள். பிள்ளைகள் யாரும் உள்ளே போகவில்லை என்பது அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கே தெரியும். இருந்தும் பேசினார்கள். நான் அங்கேதான் குடத்தோடு நின்றேன். பிறகு நீ படுக்கையில் விழுந்தாய். நான் தினமும் வந்து கஞ்சி கொடுத்தேன். ஒரு நாளும் அந்தப் பேச்சை நீ எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

இப்போது மேல் மலையில் மறுபடி கவ்வாத்து, மறுபடி டொலமைட், மறுபடி மழை. மெனேஜரும் அதே மனிதர்தான். தடாகத்தைப் பார்க்கிற புதிய ஆளிடம், லயத்துப் பிள்ளைகள் வேலியேறிக் குதிக்கிறார்களா என்று விசாரணை தொடங்கிவிட்டார். நோனா இந்த முறை கண்டியிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்திருந்தார். வியாழக்கிழமை அவர் வந்து, பெட்டியைத் திறந்து, தண்ணீரை என்னென்னவோ செய்து பார்த்துவிட்டு, இது மலைத் தண்ணீரோடு வந்த நுண்தூள் என்றார். படிகாரம் போட்டு, மோட்டரை நிறுத்தி, படிய விட்டு, உறிஞ்சி வெளியே விடவேண்டும் என்றார். நடுவில் யாராவது மோட்டரைப் போட்டால் எல்லாம் கெட்டுவிடும் என்றும் சொன்னார். எல்லாரும் பயபக்தியோடு கேட்டார்கள். மெனேஜர் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். நீ சொன்னபோது சிரித்த அதே வாய் அப்போது, "மிச்சம் நல்ல யோசனை சார்" என்றது.

எனக்குத் தாங்கவில்லை. கையில் தேத்தண்ணித் தட்டு. அதைக் கீழே வைத்தேன். நோனாவிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். நாலு வருடத்துக்கு முன்னால் இதையே ஒருத்தி சொன்னாள், செய்தும் காட்டினாள், மோட்டரைப் போட்டுக் கெடுத்தவர் இவர், நான் கண்ணால் பார்த்தேன் என்றேன். உன் பெயரையும் சொன்னேன். நோனா நெற்றியைச் சுருக்கி யோசித்தார். யாரென்று தெரியவில்லை. பிறகு ஞாபகம் வந்தவராக, "ஆ, பிள்ளைகளைக் குளிக்க விட்ட அந்தப் பொம்பளையா?" என்றார்.

இரண்டு வருடம் விடியற்காலையில் அவருடைய தண்ணீரில் கை விறைக்க நின்றாய். அந்த வீட்டில் உன்னைப் பற்றி மிஞ்சியிருப்பது அந்தப் பொய் மட்டும். இல்லை நோனா, அவள் யாரையும் விடவில்லை, அவளே ஒரு நாளும் கால் நனைக்கவில்லை என்றேன். சரி சரி, பழைய கதைதானே, தேத்தண்ணி ஆறுகிறது என்றார். மெனேஜர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலமே பீலியிலும் சொன்னேன். நான் பார்த்ததையும் பொய் சொன்னதையும் சேர்த்தே சொன்னேன். குடங்கள் நிரம்பி வழிந்தன. சனிக்கிழமை கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையில் இருக்கும் உன் மகளுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று தொலைபேசியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் மெதுவாக, "அது அம்மாவுக்குத் தெரியுங்க பெரியம்மா. 'அக்கா பாத்திருப்பாங்க, சொன்னா அவங்க வேலையும் போயிரும்'னு அன்னைக்கே எங்கிட்ட சொன்னாங்க" என்றாள்.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. உன் மேல்தான் கோபம் வந்தது. யாரைக் கேட்டு என்னை மன்னித்தாய்? பீலியில் அவர்கள் உன்னைத் திட்டியபோது என் பக்கம் ஒரு விரல் நீட்டியிருந்தால் போதுமே. தெரிந்துகொண்டே என் கையால் கஞ்சி வாங்கிக் குடித்தாயே, ஒரு நாளாவது கிண்ணத்தை என் முகத்தில் வீசியிருக்கக் கூடாதா? அப்படி வீசியிருந்தால் நீ உயிரோடு இருக்கும்போதே நான் வாயைத் திறந்திருப்பேன். அல்லது திறந்திருக்க மாட்டேன். அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பைக்கூட நீ எனக்குத் தரவில்லை.

நீ படாமல் விட்டுப்போன கோபம் இப்போது என்னிடம் இருக்கிறது. அதை நான் ஆற விடப்போவதில்லை. நாளைக்கும் பங்களாவுக்குப் போவேன். வேலை இருந்தால் சமைப்பேன், போகச் சொன்னால் போவேன். ஆனால் "பிள்ளைகளைக் குளிக்க விட்ட பொம்பளை" என்று இனி யார் வாயில் வந்தாலும், செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்வேன். அவர்கள் கேட்கிறார்களா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன்.