கிரீம் பையின் மூக்கு

ஜூன் 4

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நலம். உன் அக்கா வீட்டில் எல்லோரும் சுகமா? நீ போனை எடுப்பதில்லை, அதனால் பேனாவை எடுத்தேன். கேக் மாஸ்டர் கிரீமை ருசி பார்ப்பது ஒரு குற்றமா? அதற்காகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதா? சுகருக்காக இரைப்பையை வெட்டிக் குழாய் மாதிரி ஆக்கிக்கொண்டவன் நான். ஒரு வாய் சோறு இறங்குவதற்குள் உயிர் போய் வருகிறது. சுகர் கொஞ்சம்தான் ஏறியிருக்கிறது. கோபம் ஆறியதும் வந்துவிடு.

உன் வீட்டுக்காரன்

ஜூன் 11

மதிப்பிற்குரிய வீட்டுக்காரருக்கு,

இங்கே சுகம். ருசி பார்ப்பவர் விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைப்பார். நீங்கள் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து, கிரீம் பையின் மூக்கை வாய்க்குள் விட்டுப் பிதுக்கிக்கொண்டிருந்தீர்கள். தாடையில் வழிந்தது. என்னைப் பார்த்த பிறகும் ஒரு பிதுக்கு. அப்புறம் அதே பையால் யார் வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாள் கேக்கிலோ ரோஜாப்பூ போட்டீர்கள்.

அதையாவது விட்டுத்தள்ளலாம். திங்கட்கிழமை டாக்டரைப் போய்ப் பார்த்தேன்.

"நான் இரைப்பை பைபாஸ்தாம்மா சொன்னேன். குடலைத் திருப்பி இணைச்சா இவரு சுகருக்கு நல்லா கேக்கும். ஆனா இனிப்பு சாப்பிட்டா படபடன்னு வரும், வயித்தால போகும்னேன். அப்ப எனக்கு அது வேணாம், இரைப்பையை மட்டும் வெட்டுங்கன்னுட்டாரு" என்றார்.

"டாக்டரே இது போதும்னுட்டாரு" என்று என்னிடம் கூசாமல் சொன்னீர்களே! கால் விரலில் புண் கறுத்துக்கொண்டு வரும்போது, இனிப்புக்கு வழிவிடும் ஆபரேஷனாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறீர்கள். சீ!

உங்கள் மனைவி

ஜூன் 15

அன்புள்ளவளுக்கு,

ஆமாம், பொய்தான். இனிப்பை வாயில் வைக்க முடியாத கேக் மாஸ்டரை எவன் வேலைக்கு வைப்பான்? அதை விடு. விரலை எடுத்தாக வேண்டுமாம். கை கால் ஓடவில்லை. பிறகு பைபாஸும் செய்துகொள்கிறேன், சத்தியம். நர்ஸ் கட்டுப் போட்டால் உயிர் போகிறது. உனக்குத்தான் என் புண்ணின் பக்குவம் தெரியும். உடனே கிளம்பி வா.

உன்னவன்

ஜூன் 20

வணக்கம்.

விரலை எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். பைபாஸும் செய்துகொள்ளுங்கள், மற்ற விரல்களாவது தப்பட்டும். ஆஸ்பத்திரியில் உங்கள் தம்பி கூட இருப்பார், பேசிவிட்டேன். நான் வரமாட்டேன்.

அந்தப் புண்ணைத் தினமும் கழுவினேன். சீழ் என் கையில் வழியும். அந்த நாற்றத்தோடுதான் சாப்பிட உட்காருவேன். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. உங்கள் கடிதத்தைத்தான் நுனி விரலால் பிடித்துப் படிக்கவேண்டியிருந்தது.

இனி எழுதவேண்டாம்.