பீலியில் கழுவக்கூடாது

1998 ஆகஸ்ட் 12, புதன்

தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு ஊற்றுநீர் கொட்டும் குடிநீர்ப் பீலிக்கு மேலுள்ள தேயிலையில் களைமருந்து அடிப்பதைத் தடைசெய்யப் பிரதேச சபை நினைத்தது. நாட்டுச் சட்டம் அனுமதித்த மருந்தைச் சபை தடுக்க முடியாது என்று தோட்டத்துத் துரை எதிர்த்தார். எனக்கும் அது சரியென்றே பட்டது. சட்டத்தரணியான என்னிடம் வேறு வழி உண்டா என்று கேட்டு வந்த சபைத் தலைவருக்கு வேறொரு உபவிதி எழுதிக் கொடுத்தேன்: பீலி சபையுடையது, மருந்து பட்ட எதையும் அங்கே கழுவக்கூடாது.

இன்று மடுல்சீமையிலுள்ள அந்தத் தோட்டத்துக்குப் போனேன். மருந்தடித்துவிட்டு வந்த தொழிலாளி முருகையாவைச் சபைக் காவலாளி பீலியில் மறித்துக்கொண்டிருந்தான்.

“டேங்க கழுவலீங்க, கையை மட்டுந்தான்.”

“கையில என்ன சந்தனமா பூசியிருக்கு? போய்யா!”

முருகையா என் பக்கம் திரும்பினார். “ஐயா, நீங்களாச்சும் சொல்லுங்க.”

விதி அப்படித்தான் என்றேன். லயத்தில் கைகழுவ வேறு தண்ணீர் இல்லை.

லயத்து வாசலில் அவருடைய சின்ன மகள் ஓடிவந்தாள். அவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டார். “கிட்ட வராத தாயி.”

கைகளுக்கு மட்டும் விலக்குக் கொடுக்கும்படி தலைவரிடம் கேட்க வேண்டும். ஆனால் கழுவினால் அதுவும் குடிக்கிற தண்ணீரில்தான் சேரும். எது சரியென்று தெரியவில்லை. சபை இனி அடுத்த மாதம்தான் கூடும். தேயிலை மலையில் நாளையும் மருந்தடிப்பு.