தனியாகக் காய்ச்சிய பால்

ஞாயிறு, இரவு.

காட்டுப்பாக்கத்தில் நான் வாங்கிய ஃபிளாட்டுக்கு இன்று கிரகப்பிரவேசம். ஹோமத்துக்கு உட்காரப் போன என்னைப் பெரியப்பா தடுத்தார்.

"கல்யாணம் ஆகாதவ உட்காரக் கூடாதும்மா. தம்பியும் அவன் பொண்டாட்டியும் உட்காரட்டும்."

இந்த வீட்டை இன்றுதான் முதன்முதலாகப் பார்க்கும் தம்பி, கொஞ்சமும் கூசாமல் மணையில் போய் உட்கார்ந்தான்.

"எழுந்திருடா," என்றேன். ஹோமமே வேண்டாம் என்று ஐயருக்குத் தட்சணை கொடுத்து அனுப்பிவிட்டு நானே பாலைக் காய்ச்சினேன். குடும்பத்துக்கு ஆகாது என்று முணுமுணுத்த பெரியப்பா, அதே பாலை இரண்டு டம்ளர் குடித்தார். சர்க்கரை கம்மி என்று குறை வேறு. இத்தனை வருடமாக இவர்களுக்கா பயந்தேன்?

கிளம்பும்போது, "ராத்திரி இங்க தனியாவா இருக்கப் போற?" என்று கேட்டார்.

"அதுக்குத்தானே பெரியப்பா வாங்கினேன்."

பாய் விரித்துவிட்டேன். புது பெயின்ட் வாசனை. கண் சொக்குகிறது.