கால் மணி நேரம் என்று சொன்னவள்

இந்நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. பகலெல்லாம் குழந்தை இடுப்பைவிட்டு இறங்கவில்லை. இப்போதுதான் அசந்து தூங்குகிறாள். விளக்கைத் தணித்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாகத்தான் இருக்கும். "பி.ஏ. படிச்ச கையாடி இது? கோழி கீறின மாதிரி கீது" என்று நீ சொல்லுவாய். சொல்லிக்கொள்.

உன் அம்மா விட்டுப்போன பொட்டலம் என் முன்னால் பிரிந்து கிடக்கிறது. பச்சையெல்லாம் போய் நரம்பு மட்டும் மிஞ்சிய அரச இலைகள், பதினாறு. ஒன்றில் நீ பாதி வரைந்து விட்ட ஒட்டகம் முன்கால் இல்லாமல் நிற்கிறது. வேலம்பிசின் வாசனை வருகிறது. அதற்கடியில், மூக்கை வைத்துப் பார்த்தால்தான் தெரியும், சுண்ணாம்பு வாசனை.

உன் அம்மா இன்று மூன்று மணி வெயிலில் வந்தாள். நீ கண்ணை மூடி ஒரு மாதமாயிற்று. இந்த ஒரு மாதத்தில் அவள் பத்து வருஷம் கிழவியாகியிருந்தாள். "ஞாயித்துக்கெழம கோயில் முடிஞ்சு நாலு பேரு வூட்டுக்கு வருவாங்க பாப்பா. அவளப் பத்தி ஒரு காயிதம் எழுதிக் கொண்டாந்து படி. அவளுக்கே எழுதற மாதிரி எழுது. நீதானே அவளுக்கு தோஸ்து. வேற யாரு கீறாங்க?" என்றாள்.

உன் நைனாவும் வந்திருந்தார். வாசல் படலுக்கு வெளியே துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். உள்ளே கூப்பிடட்டுமா என்று கேட்டேன்.

"அந்த ஆளு நிக்கட்டும். நின்னு பழக்கம்தான்."

அவர் எதற்காக நிற்கிறார் என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். உன் அம்மாவுக்கு மட்டும் தெரியாது. அதைத்தான் எழுத வேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இலையிலிருந்தே தொடங்குகிறேன். நாம் மிஷன் பள்ளியில் கடைசி வகுப்பு. கிறிஸ்துமஸுக்கு மூன்று மாதம் முன்பே கைவேலை அறையில் வாழ்த்து அட்டை வேலை ஆரம்பித்துவிடும். அரச இலையைப் பானைத் தண்ணீரில் ஊறப்போட்டு, மூன்று வாரம் அழுகவிட்டு, பல் தேய்க்கும் பிரஷால் சதையைத் தேய்த்தெடுத்து, நரம்பை மட்டும் புத்தகத்துக்குள் வைத்து உலர்த்தி, அதன்மேல் நட்சத்திரமும் மாட்டுத்தொழுவமும் வரைந்து, அட்டையில் ஒட்டிச் சீமைக்குக் கப்பலேற்றுவார்கள். மூன்று வாரம் அந்த அறையில் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். நீதான் ஒருநாள் ஒரு செம்பில் தெளிந்த தண்ணீர் கொண்டுவந்து பானையில் ஊற்றினாய். "சுண்ணாம்புத் தெளிவுடி. எங்க நைனா ஷாப்புல ஆட்டுத்தோலை இதுலதான் ஊறப்போடுவாங்க. தோலுக்கு ஆவறது இலைக்கு ஆவாதா?"

ஆறாம் நாள் பச்சை தானாக வழுக்கிக்கொண்டு வந்தது. ஒரு நரம்புகூட அறுபடவில்லை. கைவேலை டீச்சர் உன் இலையை வெளிச்சத்தில் பிடித்து எல்லோருக்கும் காட்டினார். பார்வையிட வந்த துரைசானி உன் அட்டையைப் பெட்டிக்கு மேலாக வைக்கச் சொல்லிவிட்டு, என்னுடையதைப் பார்த்து, "இது பழகுவதற்கு வைத்துக்கொள்ளலாம்" என்றாள். எல்லாப் பாடத்திலும் நான் முதல். தோல் ஷாப்பில் சுண்ணாம்புக்குழியில் நிற்கிறவர் மகள் நீ. அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை நான்.

இதை எழுதும்போது இன்றும் அந்தக் கசப்பு நாக்கில் வருகிறது. வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக் கிணற்றடிக்கு வருவாய். சீயக்காய் தேய்த்துத் தலைமுழுகிவிட்டு, பயத்தமாவும் கஸ்தூரி மஞ்சளும் பாலாடையில் குழைத்து முகத்தில் அப்பிக்கொண்டு, காயும்வரை சிரிக்கக்கூடாது என்று உட்கார்ந்திருப்போம். நீதான் முதலில் சிரித்துப் பூச்சை வெடிக்கவைப்பாய். எனக்கு முகம் பளபளக்கும். உனக்கும் பளபளக்கும், ஆனால் உதட்டுக்கு மேலிருந்த முடி அப்படியே இருக்கும். வகுப்பில் உனக்கு 'ஏட்டையா' என்று பெயர். நீ உள்ளே வந்தால் யாராவது எழுந்து நின்று சலாம் வைப்பார்கள். நீயும் மீசையை முறுக்குகிற மாதிரி விரலை வைத்து, "எவடி அங்க சத்தம் போடறது, லாக்கப்புல போட்டுருவேன்" என்பாய். அந்தப் பெயரை வைத்தவள் நான். உனக்கு அது தெரியுமா தெரியாதா என்று கடைசிவரை நான் கேட்கவில்லை.

காட்பாடியிலிருந்து உன்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று சொன்ன புதன்கிழமை நினைவிருக்கிறது. மாப்பிள்ளைக்கு ரயிலில் வேலை. குழியில் இறங்காத மருமகன் வேண்டும் என்பதற்காகவே உன்னைப் படிக்கவைத்தவர் உன் நைனா. நீ கிணற்றடியில் என் கண்ணாடியை வாங்கி உதட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாய்.

"சனிக்கெழம வர்றாங்கடி. மாவு தேச்சுத் தேச்சு தோலுதான் எரியுது, இது போவல. இன்னா பண்றது சொல்லேன்."

"ஆட்டுத்தோல் மேல பூசறாங்களே, அதைப் பூசிக்கோ. ஆட்டுக்கே போவுது, உனக்குப் போவாதா?"

சிரிப்பாய் என்றுதான் நினைத்தேன். நினைத்தேனா? எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன் என்னை. நீ சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கீழே வைத்தாய்.

"எவ்ளோ நேரம் வெக்கறது?"

அங்கே நான் நிறுத்தியிருக்கலாம். அடிப் பைத்தியமே, விளையாட்டுக்குச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை. அது சுண்ணாம்புத் தெளிவல்ல, அரிதாரம் என்ற விஷக்கல் கலந்த குழம்பு, உன் நைனாவின் விரல் நகமெல்லாம் தின்றுபோயிருப்பது அதனால்தான் என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் நீ, சயின்ஸில் முதல் மார்க் வாங்குகிறவள் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய். நானும் கணக்கு வாத்தியார் மாதிரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு சொன்னேன்: "கால் மணி நேரம்."

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று எழுந்து போனாய்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், இலைக்கு வேண்டும், தெளிவு போதவில்லை, குழம்பாகவே வேண்டும் என்று உன் நைனாவிடம் கேட்டாய். அவர் கொட்டாங்கச்சியில் கொண்டுவந்து கொடுத்தார். "இலைக்குத்தானே?" என்று கேட்டாராம். "ஆமா நைனா" என்றாயாம். அம்மா தண்ணீருக்குப் போன நேரம் பார்த்துப் பூசிக்கொண்டாய். எரிந்தபோது துடைத்தெறியவில்லை. கால் மணி நேரம் ஆகவில்லையே என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். இதை நீ பிற்பாடு சொன்னபோது ஒரு சாதனையைச் சொல்வதுபோல் சொன்னாய்.

செய்தி கேட்டு நான் ஓடிவந்தபோது ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் மருந்து போட்டுவிட்டுப் போயிருந்தார். மேலுதடும் மூக்கின் கீழ்ப்பாதியும் இடதுகன்னமும் ஈரத்துணியால் மூடியிருந்தன. உன் அம்மா உன் தலைமாட்டில் உட்கார்ந்து, "யாருடி சொன்னது? யாரு சொல்லி இதப் பூசுன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நீ கண்ணைத் திருப்பி, நிலைப்படியில் நின்ற என்னைப் பார்த்தாய். நன்றாகப் பார்த்தாய். பிறகு, "யாரும் சொல்லல" என்றாய்.

உன் அம்மா மெல்லத் திரும்பி உன் நைனாவைப் பார்த்தாள்.

"நீ கொண்டாந்து குடுத்து, நீயே பூசச் சொல்லியிருக்கற. ரயில்காரனுக்குக் காட்ட மீச இல்லாத பொண்ணு வேணும் உனக்கு. இல்ல?"

அவர் இல்லை என்று சொல்லவில்லை. கொடுத்தது தம் கைதானே என்று எண்ணினாரோ என்னவோ, கையை விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வாய் திறக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை காட்பாடிக்காரர்கள் தெருமுனைவரை வந்து, விஷயம் கேட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து பதினோரு வருஷம் உன் அம்மா அவரோடு பேசியதில்லை. தட்டை வைப்பாள், நகர்ந்துவிடுவாள்.

ஆறின பிறகு ஒருநாள் உன்னைக் கேட்டேன், ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று. இழுத்துப்போன உதட்டால் நீ பேசுவது அப்போது எனக்கு இன்னும் பழகவில்லை. "சொன்னா உன்னை எங்க வூட்டுக்கு உடமாட்டாங்க. வேற எவ வருவா எனக்கு?" என்றாய். "எங்க நைனா தாங்குவாரு. நீ தாங்கமாட்ட, உனக்குப் பரீட்சை கீது."

நான் வரவில்லையே. அதுதான். பரீட்சை எழுதினேன், பட்டணத்துக்குப் போனேன், பி.ஏ. வாங்கினேன். விடுமுறைக்கு வந்தால் ஒருதரம் எட்டிப்பார்ப்பேன். நீ கைவேலை அறையிலேயே, சன்னலுக்கு முதுகு காட்டி, சம்பளத்துக்கு அட்டை செய்துகொண்டிருப்பாய். "வா, காலேஜு! பட்டணத்துல ஏட்டையாவுக்கு ஒரு சம்பந்தம் பாத்தியா?" என்பாய். நான் சிரிக்கவேண்டும் என்று காத்திருப்பாய். சிரித்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். கல்யாணம் நிச்சயமானதும் உன்னிடம் என்ன சொன்னேன்? "கூட்டம் ஜாஸ்தி, உனக்குப் பேஜாரா இருக்கும், மறுநாள் வாயேன்." மாப்பிள்ளை வீட்டார் உன் முகத்தைப் பார்த்தால் கேள்வி வரும் என்று எனக்குப் பயம். மறுநாள் வந்தாய், சொன்ன சொல் தவறாமல். கல்யாணப் பெண்ணுக்கு என்று நீயே இடித்துச் சலித்த பயத்தமாவும் மஞ்சளும் ஒரு டப்பா நிறையக் கொடுத்தாய். "கால் மணி நேரம் வெய்யி" என்றாய். என் மாமியார் பக்கத்தில் நின்று சிரித்தாள், பூச்சுக்கு நேரம் சொல்லிக் கொடுக்கிறாள் தோழி என்று. உன் கண் சிரிக்கவில்லை. என்னை நீ மன்னித்தாய் என்று ஊரார் நாலு பேர் முன்னால் படிக்க எனக்கு வாய் வராது. நீ மன்னிக்கவில்லை. என்னைத் தப்பவிட்டாய், அவ்வளவுதான்.

உனக்குக் காய்ச்சல் என்று ஆள்விட்டார்கள். குழந்தைக்கு ஏழு மாதம். விஷக்காய்ச்சலோ, தொற்றுமோ என்று பயந்தேன். ரொட்டியும் சாத்துக்குடியும் கொடுத்தனுப்பினேன். பத்து நாள் கிடந்தாயாம். ஆம்பூரில் உன் தெருவுக்கும் என் தெருவுக்கும் நடுவே ஒரு கடைவீதிதான். பத்து நாளும் நான் அதைத் தாண்டவில்லை.

இன்று உன் அம்மா குழந்தையைக் கேட்டுக் கை நீட்டினாள். கொடுக்கத் தயங்கினேன், அதுவும் அவளுக்குத் தெரிந்தது. வாங்கி மடியில் போட்டுக்கொண்டு முகத்தைத் தடவியவள், சட்டென்று சிரித்தாள்.

"பாத்தியா, ஒதட்டு மேல பூனமயிரு! எம்பொண்ணுக்கும் இப்படித்தான் இருந்துச்சு இந்த வயசுல."

குழந்தையைத் திருப்பி வாங்கக் கை நீட்டிவிட்டேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, ஆறுதலாகச் சொல்கிறவள்போல் என் முழங்காலைத் தட்டினாள்.

"பயப்படாத பாப்பா. இதுக்கு ஒண்ணும் ஆவாது. அந்த ஆளு மாதிரி அப்பன் இல்லியே இதுக்கு."

உரக்கச் சொன்னாள். படலுக்கு வெளியே கேட்கட்டும் என்றே சொன்னாள். உன் நைனா துண்டை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டார். குழந்தை அவள் மடியில் கால் உதைத்துக்கொண்டிருந்தது. இரண்டு தரம் வாய் திறந்தேன். "மோர் குடிக்கிறீங்களா அத்தை?" என்று கேட்டேன். குடித்துவிட்டுப் போனாள், அவள் முன்னால், அவர் பத்தடி பின்னால்.

அவர்கள் போனதும், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே, இதற்கு முன் வேறொரு கடிதம் எழுதினேன். உன் கைத்திறன், உன் பொறுமை, துன்பத்திலும் மாறாத புன்னகை என்றெல்லாம் இரண்டு பக்கம். மிக நன்றாக வந்திருந்தது. உன் அம்மா அழுதிருப்பாள். போதகர் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருப்பார். அடுப்பில் போட்டுவிட்டேன்.

இதைத்தான் ஞாயிற்றுக்கிழமை வாசிக்கப்போகிறேன். உன் நைனாவை உள்ளே அழைத்து, உன் அம்மாவுக்கு எதிரே உட்காரவைத்த பிறகுதான் முதல் வரியைத் தொடங்குவேன். என் வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை. மாமியார் காதுக்கு எப்படியும் போகும். உன் அம்மா காறித் துப்புவாள். பதினோரு வருஷத்தை யாரிடம் கேட்பாள் அவள்? அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. எழுந்து போய்விடுவாரோ? "போவட்டும் பாப்பா" என்று சொல்லிவிடுவாரோ என்றுதான் அதிகப் பயமாக இருக்கிறது.

உன் தயவில்தான் நான் பி.ஏ.வும் புருஷனும் குழந்தையுமாக இருக்கிறேன். நீ மூடிவைத்ததை உன்னைக் கேட்காமல் திறப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. திறக்காமல் இருப்பது அதைவிட. உனக்கு வேண்டாம் என்றால் எப்படியாவது சொல். இன்னும் மூன்று நாள் இருக்கிறது. தாமதிக்காமல் பதில் போடு.