குண்டுவைச் சிங்கமாக்கிய கதை

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், என் முழங்கால் வலியும் அவள் கோபமும் வழக்கம்போல. நீ வேளைக்குச் சாப்பிட்டு நலமாயிருக்கிறாயா?

என் புகழ் தெருவெங்கும் பரவியிருக்கிறது, வேறு யாராவது உனக்குச் சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன். எதிர்வீட்டு நர்ஸம்மாவின் நாய் குண்டு போன மாதம் செத்துப்போனான். கணவர் போனபிறகு அவருக்கிருந்த ஒரே துணை அவன்தான். அவனைப் படமாக வரைந்து தரச் சொன்னார். நான்தான் ஆயுசெல்லாம் விளம்பரப் பலகைக்கு மிருகம் வரைந்தவனாயிற்றே, பூட்டுக்கடைக்குச் சிங்கம், லாரிக் கம்பெனிக்குப் பாயும் குதிரை, நாயெல்லாம் எந்த மூலைக்கு என்று ஒரே மூச்சில் முடித்தேன். நெஞ்சை நிமிர்த்தி, கண்ணில் தீப்பொறி பறக்க நின்றான் குண்டு. நர்ஸம்மா நெடுநேரம் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு அண்ணே. ஆனா இது யாரு? எங்க குண்டு திருடனைப் பாத்தாலும் வாலாட்டுவானே” என்றார். உன் அம்மா உள்ளே ஓடிப்போய்ச் சிரித்தாள், எனக்கு நன்றாகக் கேட்கும்படி.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஆனால் யோசித்துப் பார்த்தால் நான் இத்தனை காலம் வரைந்தது பூட்டின் பலத்தையும் லாரியின் வேகத்தையும்தான், ஒரு மிருகத்தையும் நின்று பார்த்ததில்லை. இப்போது சிங்கம் கேட்டு யாரும் வருவதில்லை, வீட்டுக்குள் வளர்ந்ததை அப்படியே வரைந்து கொடு என்கிறார்கள். சரி, பார்த்துத்தான் வரைவோமே என்று தையல்காரர் கடை வாசலில் தூங்கிக்கொண்டிருந்த நாய்க்குப் பக்கத்தில் நானும் தரையோடு தரையாகப் படுத்தேன். கிழவர் மயங்கி விழுந்துவிட்டார் என்று தையல்காரர் ஒரு குடம் தண்ணீரை என் முகத்தில் ஊற்றிவிட்டார். தெருவே கூடிவிட்டது. நாய் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

இரண்டாவது படத்தில் நர்ஸம்மா சொன்னபடியே குண்டு ஒரு காது மடங்கி, அவர் கணவரின் பழைய செருப்பில் மோவாயை வைத்துத் தூங்கினான். கணவர் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டப்போனேன். “அங்க வேணாம் அண்ணே, கீழ. அவன் அங்கதான் படுப்பான்” என்று கதவோரம் தரைக்கு ஒரு சாண் மேலே காட்டினார். மாட்டியதும் அதன் முன்னால் உட்கார்ந்து, அந்த மடங்கின காதை விரலால் நீவிவிட்டார். நான் சுத்தியலைத் தேடுவதுபோலத் திரும்பிக்கொண்டேன், சுத்தியல் என் கையிலேயே இருந்தது.

எந்தக் குறையுமில்லாமல் மனம் நிறைந்து இரு கண்ணம்மா. ஒன்று மறக்காதே, உன் பூனையின் போட்டோ ஒன்று அனுப்பு. அது உன் மடியில் தூங்கும்போது யாரையாவது எடுக்கச் சொல். பூனையைத்தான் கேட்கிறேன், நீயும் அதில் விழுந்தால் விழுந்துவிட்டுப் போ.

என்றும் உன்
அப்பா